ஒன்பதாவதுக்கு எந்த கிறிஸ்டியன் ஸ்கூல்? மூணையும் நேர்ல போய் பாத்துட்டு எழுதறேன்

பொண்ணு எட்டாவது முடிச்சிட்டா. அவ படிச்ச ஸ்கூல் எட்டாவதோட முடிஞ்சிடும், அதனால புது வருஷத்துக்கு ஹைஸ்கூல் மாத்தியே ஆகணும். கிறிஸ்டியன் ஸ்கூல்தான்னு வீட்ல ஏற்கனவே பேசி வச்சாச்சு, அதுல சண்டை இல்ல. ஆனா கிறிஸ்டியன் ஸ்கூல்னு போர்டு மாட்டியிருந்தா உள்ள எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்னு நாங்க நெனச்சிட்டிருந்தோம், மூணு ஸ்கூலுக்கு போய் உக்காந்து பேசினப்புறம்தான் மூணும் மூணு உலகம்னு புரிஞ்சுது. இதே யோசனையில இருக்கறவங்களுக்கு உதவும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல எங்கள பத்தி ரெண்டு வரி. நாங்க புராட்டஸ்டன்ட் சபை, பொண்ணுக்கு குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆயிடுச்சு, சண்டே ஸ்கூல்ல ஒழுங்கா போய் வசனம் ஒப்பிச்சு வளந்தவ. போன வருஷம் அவளோட பாட்டி தவறிட்டாங்க. ஆறு மாசம் வீட்ல தினமும் முழங்கால்ல நின்னு ஜெபிச்சோம், சபையில உபவாச கூட்டம் கூட வச்சாங்க. எல்லாம் முடிஞ்சு ஒரு ராத்திரி "அப்போ நாம ஜெபிச்சதெல்லாம் எங்கம்மா போச்சு?"ன்னு கேட்டா. எனக்கு பதில் சொல்ல வரல. அதுக்கப்புறம் சர்ச்சுக்கு வர்றா, பாடறா, ஆனா அந்த கேள்வி அவ முகத்துலயே இருக்கு.

அதனால ரிசல்ட், பஸ், பீஸ் எல்லாம் விசாரிச்சோம்தான், ஆனா ஒவ்வொரு ஸ்கூல்லயும் நான் தெரிஞ்சுக்க விரும்பினது ஒண்ணே ஒண்ணு, இப்படி ஒரு கேள்விய மனசுல வச்சிருக்கற பிள்ளைக்கு இங்க எடம் இருக்கா.

நாங்க பாத்த மூணு: ஒண்ணு ஒரு பெலோஷிப் சபை நடத்தற சின்ன ஸ்கூல். ரெண்டாவது அந்த காலத்து மிஷனரிங்க ஆரம்பிச்சு இப்ப டயோசிஸ், அதாவது ஒரு பிஷப்போட நிர்வாகத்துல இருக்கற பகுதி, அது கையில இருக்கற பெரிய புராட்டஸ்டன்ட் ஸ்கூல். மூணாவது சிஸ்டர்ஸ் நடத்தற கத்தோலிக்க ஸ்கூல்.

பெலோஷிப் ஸ்கூல்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அங்கதான் எங்கள ரொம்ப அன்பா வரவேத்தாங்க. அப்ளிகேஷனோட ஒரு விசுவாச அறிக்கை குடுக்கறாங்க, அப்பா அம்மா ரெண்டு பேரும் படிச்சு கையெழுத்து போடணும், பாஸ்டர்கிட்டேர்ந்து ஒரு லெட்டரும் வேணும். முதல்ல இது என்ன இவ்ளோ கெடுபிடின்னு தோணுச்சு. பிரின்சிபால் சொன்ன காரணத்த கேட்டப்போ மதிக்கத் தோணுச்சு, வீடு ஒண்ணு சொல்லி சபை ஒண்ணு சொல்லி ஸ்கூல் வேற ஒண்ணு சொன்னா பிள்ளை மூணு பக்கமும் இழுபடும், நாங்க மூணும் ஒரே குரல்ல பேசணும்னு பாக்கறோம்னார். கிளாஸ்ல பதினாலு பிள்ளைங்க. எந்த பிள்ளைக்கு வீட்ல உடம்பு சரியில்லங்கறது வரைக்கும் டீச்சருக்கு தெரியுது. எங்கேயும் ஒளிஞ்சுக்க முடியாத சைஸ் அது, சில பிள்ளைங்களுக்கு அதுதான் மருந்து.

படிப்பு முறையும் வேற. இந்த மாதிரி சின்ன ஸ்கூல்கள் சிலதுல டீச்சர் நின்னு பாடம் நடத்தறதுக்கு பதிலா பிள்ளைங்க புக்லெட் புக்லெட்டா தானே படிச்சு முடிக்கற முறை இருக்கு. அதுல பேர் தெரிஞ்சது ஏ.சி.ஈ. (ஆக்சிலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன்), 1970ல அமெரிக்காவுல டெக்சாஸ்ல ஆரம்பிச்சது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தடுப்பு வச்ச தனி மேசை, சந்தேகம் வந்தா மேசையில சின்ன கொடிய வைக்கணும், பெரியவங்க வந்து சொல்லிக் குடுப்பாங்க, டெஸ்ட்ல 80 சதவீதம் எடுத்தாதான் அடுத்த புக்லெட். கணக்குல பின்தங்கின பிள்ளைக்கு இது நல்லதுன்னு மனசார சொல்வேன், யாரும் துரத்த மாட்டாங்க, பழைய பாடத்த முடிச்சிட்டு மெதுவா மேல வரலாம். ஆனா வாய் விட்டு பேசி, எதிர்த்து வாதாடி, பக்கத்துல இருக்கறவ சொல்றத கேட்டு கத்துக்கற பொண்ணு எங்க வீட்ல இருக்கு. அவ அந்த தடுப்புக்குள்ள எப்படி இருப்பான்னு யோசிச்சு பாத்தேன். இன்னொண்ணு, இந்த முறையில வாங்கற சர்டிபிகேட்ட எல்லா நாட்டு யூனிவர்சிட்டியும் ஒரே மாதிரி ஏத்துக்கறதில்ல, அதனால சேக்கறதுக்கு முன்னாடி பிள்ளை பின்னாடி எங்க படிக்கப் போகுதோ அந்த இடத்துல எழுத்து மூலமா கேட்டு வாங்கிடுங்க, ஸ்கூல்ல சொல்ற வாய் வார்த்தை போதாது.

சயின்ஸ்ல என்ன சொல்லிக் குடுப்பீங்கன்னும் கேட்டேன். ஆதியாகமத்துல சொன்ன ஆறு நாள் அப்படியே ஆறு நாள்தான், பரிணாமம்னு ஒரு கருத்து இருக்குன்னு மட்டும் சொல்வோம்னாங்க. பொய் சொல்லாம நேரா சொன்னாங்க, அதுக்கு மரியாதை உண்டு. ஆனா பொண்ணு பயாலஜி படிக்கணும்னு சொல்லிட்டிருக்கா.

கடைசியா பாட்டி விஷயத்த நானே எடுத்தேன், பொண்ணும் பக்கத்துல இருந்தா. பிரின்சிபால் ஒரு நொடி கூட யோசிக்கல, உடனே பைபிள திறந்து, தேவன நேசிக்கறவங்களுக்கு எல்லாமே நன்மைக்குத்தான் நடக்கும்னு சொல்ற ரோமர் 8:28 வாசிச்சு, ரெண்டு நிமிஷம் விளக்கி, ஜெபம் பண்ணி அனுப்பினார். அவர் செஞ்சதுல தப்பு ஒண்ணுமில்ல, அன்பாத்தான் செஞ்சார். பொண்ணு தலையாட்டினா. ஆனா வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அந்த வசனம் அவளுக்கு நாலாவது படிக்கும்போதே மனப்பாடம்.

அடுத்தது மிஷன் ஸ்கூல். இத பத்தி எனக்கு ஒரு பக்தியே உண்டு, எங்கம்மா அந்த மாதிரி ஒரு ஸ்கூல்ல படிச்சவங்க. புராட்டஸ்டன்ட் பக்கம் ஸ்கூல் கட்டற பழக்கத்துக்கு வேர் ரொம்ப பழசு, 1524லயே புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்ச லூத்தர் ஜெர்மன் நகர சபைகளுக்கு ஸ்கூல் ஆரம்பிச்சு நடத்துங்கன்னு லெட்டர் எழுதினார், ஆம்பள பிள்ளைங்களுக்கு மட்டுமில்ல பொண்ணுங்களுக்கும். ஒவ்வொருத்தரும் பைபிள தானே படிக்கணும்னா முதல்ல படிக்கத் தெரியணும் இல்ல, அதுதான் கணக்கு. அந்த எண்ணம்தான் பின்னாடி மிஷனரிங்க போன இடமெல்லாம் சர்ச் பக்கத்துலயே ஸ்கூல் வந்ததுக்கு காரணம்.

இப்ப அந்த ஸ்கூல் எப்படி இருக்குன்னா, எல்லா மதத்து பிள்ளைங்களும் இருக்காங்க, யார்கிட்டயும் விசுவாச அறிக்கை கேக்கறதில்ல. காலையில அசெம்பிளில ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, ஜெபம். வாரத்துல ஒரு பீரியட் ஸ்கிரிப்சர், அதாவது வேத பாடம், கிறிஸ்டியன் இல்லாத பிள்ளைங்களுக்கு அதே நேரத்துல தனியா மாரல் கிளாஸ். லேப் பெருசு, கிரவுண்ட் பெருசு, கொயர் அருமை, நாங்க போன அன்னிக்கு பிராக்டீஸ் நடந்துட்டிருந்தது, நாலு குரல்ல பாடினாங்க, பொண்ணோட அப்பா அங்கேயே நின்னுட்டார். ரிசல்ட்டும் மூணுலயும் இங்கதான் டாப். கிறிஸ்டியன் இல்லாத குடும்பத்துக்காரங்க என்கிட்ட கேட்டா இந்த மாதிரி ஸ்கூலத்தான் முதல்ல சொல்வேன், பிள்ளை தன் வீட்டு நம்பிக்கைய மறைச்சு வைக்க வேண்டிய அவசியம் வராது, அவள மாதிரி இன்னும் பத்து பேர் கிளாஸ்ல இருப்பாங்க.

என் மனசுக்கு ஒட்டாதது எதுன்னா, ஒன்பதாவது வந்ததும் அந்த ஸ்கிரிப்சர் பீரியட மேத்ஸும் சயின்ஸும் தின்னுடுது. இத ஒரு சீனியர் பொண்ணே சொன்னா, டைம்டேபிள்ல இருக்கும் ஆன்ட்டி, ஆனா நடக்காதுன்னு. ஸ்கூலுக்குன்னு இருக்கற போதகர், சேப்லின், மாசத்துக்கு ஒரு தடவை வருவாராம். வைஸ் பிரின்சிபால் மேடம் நல்லவங்க, பொறுமையா கேட்டுட்டு, "பெரிய எக்ஸாம் முடியட்டும்மா, இந்த வயசுல இப்படித்தான் இருக்கும், தானா சரியாயிடும்"னாங்க. ஆயிரத்துக்கு மேல பிள்ளைங்கள வச்சு நடத்தறவங்களுக்கு வேற எப்படி சொல்ல வரும், அது எனக்கு புரியுது. இருந்தாலும், இந்த ஒண்ணுக்காகத்தானே கிறிஸ்டியன் ஸ்கூல் தேடறோம், அது எக்ஸாமுக்கு அப்புறம்னா என்ன பண்றது?

மூணாவது கத்தோலிக்க ஸ்கூல். இதுக்கு போறதுக்கு முன்னாடியே வீட்ல எதிர்ப்பு. எங்க அண்ணன் சபையில மூப்பர், "பிள்ளைய அங்க சேத்தா ரெண்டு வருஷத்துல செபமாலையோட வருவா பாரு"ன்னார். அதனால பாதி மனசோடதான் போனேன்.

கத்தோலிக்க ஸ்கூல்ல ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கங்க, எந்த துறவற சபையோட சிஸ்டர்ஸ் அல்லது பிரதர்ஸ் நடத்தறாங்கங்கறத பொறுத்து வாசனையே மாறும். ஜேசு சபைக்காரங்க ஸ்கூல்ல படிப்பும் வாதமும் தூக்கலா இருக்கும், அவங்க 1599லயே பாடத்திட்டத்துக்கு ஒரு முழு ஒழுங்கு எழுதி வச்சு உலகம் பூரா அதையே நடத்தினவங்க. சலேசியர்னா அவங்க ஸ்தாபகர் டான் பாஸ்கோ வழி, அடிச்சு திருத்தறத விட தப்பு நடக்கறதுக்கு முன்னாடியே பிள்ளையோட கூட இருக்கணும்ங்கறது, காரணம் சொல்லு, கடவுள்கிட்ட கூட்டிட்டு போ, பாசமா இருன்னு மூணு தூண், அதனால பிரேக் டைம்ல பாதர்ஸே கிரவுண்ட்ல நிப்பாங்க. லசால் பிரதர்ஸ் 1680 வாக்குல ஏழைப் பிள்ளைங்களுக்காக பிரான்ஸ்ல ஆரம்பிச்சவங்க, வாத்தியார் வேலையவே அழைப்பா எடுத்துக்கிட்டவங்க. வெப்சைட்ல யார் ஸ்தாபகர்னு ஒரு பக்கம் இருக்கும், யாரும் படிக்க மாட்டோம், அத படிச்சாலே பாதி தெரிஞ்சிடும்.

எங்களுக்கு வித்தியாசமா இருக்கப் போற விஷயங்கள எங்ககிட்ட பேசின சிஸ்டரே ஒவ்வொண்ணா சொன்னாங்க, நான் கேக்கல. அவங்க பைபிள்ல 73 புத்தகம், நம்மளோடதுல 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் ரெண்டு, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்குன்னு ஏழு புத்தகம் பழைய ஏற்பாட்டுல கூட இருக்கு. பத்து கட்டளைய எண்றதே வேற, கொலை செய்யாதேங்கறது நமக்கு ஆறாவது, அவங்களுக்கு அஞ்சாவது, லூத்தரன்காரங்களும் அஞ்சாவதுன்னுதான் எண்ணுவாங்க. ரிலிஜன் டெஸ்ட்ல இதுல மார்க் போகும், சிரிக்காதீங்க, முதல் டேர்ம்ல பிள்ளைங்க இதுலதான் தடுமாறுமாம். கர்த்தருடைய ஜெபம் கூட நாம "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு ஆரம்பிக்கும்போது அவங்க "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே"ன்னு போவாங்க.

பெரிய விஷயம் திருப்பலி, அதாவது அவங்களோட பூசை. நிறைய கத்தோலிக்க ஸ்கூல்கள்ல புது வருஷத்த தூய ஆவியார் திருப்பலியோட ஆரம்பிக்கற பழக்கம் உண்டு, 1548ல சிசிலித் தீவுல மெசினாவுல ஜேசு சபை முதல் ஸ்கூல் ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து வர்ற வழக்கம்னு சொல்வாங்க. எல்லா பிள்ளைங்களும் கலந்துக்கணும். ஆனா கத்தோலிக்கர் இல்லாதவங்க நற்கருணை (நம்ம திருவிருந்து மாதிரி) வாங்க முடியாது. ஒண்ணு இடத்துலயே உக்காந்திருக்கலாம், இல்லன்னா பல இடத்துல செய்ற மாதிரி கைய மார்ல குறுக்கா வச்சுக்கிட்டு போய் ஆசீர்வாதம் மட்டும் வாங்கிக்கலாம். கூட இருக்கற பிரண்ட்ஸ் எல்லாம் எழுந்து வரிசையில போகும்போது ஒருத்தி மட்டும் உக்காந்திருக்கறது பதிமூணு வயசுல சின்ன விஷயம் இல்ல, இத முன்கூட்டியே பிள்ளைகிட்ட பேசிடணும், முதல் நாள் அங்க போய் திகைக்க விடக்கூடாது. பாதர்கிட்ட பாவத்த அறிக்கையிடற பாவசங்கீர்த்தனமும் கத்தோலிக்க பிள்ளைங்களுக்குத்தான், ஆனா மத்தவங்க பாதர்கிட்ட போய் உக்காந்து பேசணும்னா பேசலாம். ஞானஸ்நானம் பத்தி எந்த பிரச்சினையும் இல்ல, தண்ணியால பிதா குமாரன் பரிசுத்த ஆவி பேர்ல குடுத்திருந்தா அத அவங்க ஏத்துக்கறாங்க. பெலோஷிப் ஸ்கூல்ல, குழந்தையில எடுத்தத ஞானஸ்நானமா கணக்குல எடுத்துக்க மாட்டோம், வளந்து விசுவாசிச்சு முழுக்கு எடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க. எங்க வீட்டு நம்பிக்கைக்கு எது பக்கம்னு யோசிச்சா அங்க எனக்கே ஒரு குழப்பம் வந்துச்சு.

அண்ணன் சொன்னத நேராவே கேட்டேன், மதம் மாத்துவீங்களா சிஸ்டர்னு. கோவப்படல. கத்தோலிக்க பிஷப்புங்க எல்லாம் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோட முடிவுல, 1965 டிசம்பர்ல வெளியிட்ட மத சுதந்திர அறிக்கைய சொன்னாங்க, நம்பிக்கை விஷயத்துல யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாதுங்கறது எங்க சபையோட சொந்த வார்த்தைம்மா, நாங்க மீறினா எங்களுக்கே விரோதம்னாங்க. வீட்டுக்கு வந்து இத யோசிச்சப்போ இன்னொண்ணும் ஞாபகம் வந்துச்சு. 1989 ஐ.நா. குழந்தை உரிமை ஒப்பந்தத்துல 14ஆவது பிரிவு, பிள்ளைக்கு மனசாட்சி சுதந்திரமும் மத சுதந்திரமும் உண்டுன்னு சொல்லிட்டு, வழிகாட்டற உரிமை பெத்தவங்களுக்கு உண்டு, ஆனா பிள்ளை வளர வளர அதுக்கு ஏத்த மாதிரின்னு சொல்லுது. பதிமூணு வயசுக்கு ஏத்த மாதிரின்னா அவளையும் கேட்டு முடிவு பண்றதுதானே.

பயாலஜி லேப்ல மெண்டல் படம் மாட்டியிருந்தாங்க. பட்டாணிச் செடிய வச்சு மரபு விதி கண்டுபிடிச்சு 1866ல கட்டுரை வெளியிட்டவர் அகஸ்தீனியர் மடத்துத் துறவின்னு பொண்ணுக்கு அன்னிக்குத்தான் தெரியும். பரிணாமம் எப்படி நடத்துவீங்கன்னு அவளே கேட்டா. லேப் டீச்சர், சிலபஸ்ல இருக்கற மாதிரி முழுசா நடத்துவோம், 1996ல போப் இரண்டாம் ஜான் பாலே அது வெறும் ஊகம்ங்கறத தாண்டிடுச்சுன்னு சொல்லியிருக்கார், கடவுள் படைச்சார்ங்கறது ரிலிஜன் கிளாஸ்ல, எப்படி வளந்துச்சுங்கறது இங்கன்னு சொன்னாங்க. பொண்ணு முகம் மலர்ந்துச்சு.

அப்புறம் அந்த கேள்வி. இந்த தடவை நான் வாய திறக்கறதுக்கு முன்னாடி பொண்ணே கேட்டுட்டா, "ஜெபம் பண்ணியும் பாட்டி செத்துட்டாங்க சிஸ்டர், அத இங்க பேசலாமா?" சிஸ்டர் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "திருப்பாடல் 13 வாசிச்சிருக்கியா? உன் கேள்விதான் அதுல இருக்கு. பதில் நான் இப்ப சொல்லல, நீ வாசிச்சிட்டு வா, வருஷ ஆரம்பத்துல ரெண்டு நாள் தியானம் இருக்கு, அப்ப உக்காந்து பேசலாம்"னாங்க. திருப்பாடல்னா நம்ம சங்கீதம்னு வெளிய வந்து நான் சொன்னப்புறம்தான் அவளுக்கு புரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி தானா பைபிள எடுத்து "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு ஆரம்பிக்கற அந்த ஆறு வசனத்த வாசிச்சா. பாட்டி போனதுக்கப்புறம் யாரும் சொல்லாம அவ பைபிள திறந்தது அன்னிக்குத்தான்.

நான் நியாயமா இருக்கணும். இது ஒரு ஸ்கூல்ல ஒரு சிஸ்டர். அதே மாதிரி ஒருத்தர் உங்க ஊர் பெலோஷிப் ஸ்கூல்ல இருக்கலாம், வேற ஒரு கத்தோலிக்க ஸ்கூல்ல இல்லாமலும் போகலாம். அதோட துறவிகளுக்கு சில வருஷத்துக்கு ஒரு தடவை டிரான்ஸ்பர் வரும், இந்த சிஸ்டர நம்பி சேத்துட்டு அடுத்த வருஷம் அவங்க வேற இடத்துக்கு போயிட்டா? அதையும் கேட்டேன். தியானத்த ஒரு ஆள் நடத்தறதில்ல, டீச்சர்ஸும் ஒரு கவுன்சிலரும் சேர்ந்த டீம் இருக்கு, வருஷா வருஷம் அது தொடரும்னாங்க, அந்த கவுன்சிலரையும் பாத்துட்டு வந்தோம். எந்த ஸ்கூல்னாலும் இத கேளுங்க, ஒன்பதாவதுக்கு கிளாஸ் டீச்சர் யாரு, பிள்ளை மனசு சரியில்லன்னா யார்கிட்ட போகணும், அந்த ஆள் மாறினா யாரு. பதிலா ஒரு பேர் வரணும், எல்லாரும் பாத்துக்குவோம்னு சொன்னா யாரும் பாத்துக்க மாட்டாங்கன்னு நான் எடுத்துக்குவேன்.

ஹாஸ்டலா வீடான்னு சிலர் கேட்டாங்க. பக்கத்துல ஸ்கூல் இருந்தா வீட்லேர்ந்து அனுப்புங்க, துக்கத்துல இருக்கற பிள்ளைய ஹாஸ்டலுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது, அவ்ளோதான். பதினொண்ணாவதுல மாத்திக்கலாம், இப்ப எங்கயாவது சேருங்கன்னு சொன்னவங்களும் உண்டு. எனக்கு அதுல சம்மதம் இல்ல, ஒன்பதாவதுல எல்லாருமே புதுசா வர்ற இடத்துல பிரண்ட்ஸ் சீக்கிரம் கிடைக்கும், பதினொண்ணாவதுல கூட்டம் ஏற்கனவே சேந்திருக்கும். அட்வென்டிஸ்ட் ஸ்கூல் பத்தியும் ஒருத்தங்க கேட்டிருந்தாங்க, நாங்க பாக்கல, ஆனா அவங்களுக்கு வெள்ளி சாயங்காலம் சூரியன் மறையறதுலேர்ந்து சனி சாயங்காலம் வரை ஓய்வுநாள், பிள்ளை சனிக்கிழமை மேட்ச் ஆடற டீம்ல இருந்தா அத முன்னாடியே யோசிச்சுக்கங்க.

கணக்குல அடிப்படை விட்டுப்போன பிள்ளை, கூட்டத்துல தொலைஞ்சு போற பிள்ளை, வீட்ல நம்பிக்கை ஒரே உறுதியா இருக்கற குடும்பம்னா பெலோஷிப் ஸ்கூல் உண்மையிலேயே நல்லா பொருந்தும், என் தங்கச்சி பையனுக்கு அதத்தான் சொல்லியிருக்கேன். பாட்டு, விளையாட்டு, மார்க் மூணும் வேணும், நம்பிக்கைய வீடும் சபையும் பாத்துக்கும்னா மிஷன் ஸ்கூல். எங்களுக்கு ரெண்டாவதுதான் சரின்னு அவங்க அப்பா கடைசி வரைக்கும் சொன்னார், அந்த கொயர் அவர விடல. பொண்ணுகிட்ட கேட்டோம். சிஸ்டர்ஸ் ஸ்கூல்னா. ஏன்னு கேட்டதுக்கு, "அவங்க மட்டும்தான்மா உடனே பதில் சொல்லல"ன்னா. அவங்க அப்பா அப்புறம் ஒண்ணும் பேசல, அப்ளிகேஷன் அவர்தான் நிரப்பினார்.

அண்ணனுக்கு இன்னும் வருத்தம்தான், ஞாயித்துக்கிழமை சண்டே ஸ்கூலுக்கு அவரே வந்து கூட்டிட்டு போறேன்னு சொல்லியிருக்கார், அது நல்லதுதான். அடுத்த வாரம் ஓரியன்டேஷன், மூணாவது நாள் திருப்பலி, அதுக்கடுத்த வாரம் தியானம். நற்கருணை நேரத்துல எழுந்து போறதா உக்காந்திருக்கறதான்னு அவகிட்டயே விட்டுட்டோம். முதல் தடவை உக்காந்தே இருக்கேன், எல்லாரும் என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு அப்புறம் சொல்றேன்னு சொல்லியிருக்கா.